ஊட்டில டீசல் ஜெனரேட்டர நிறுத்திட்டு சோலாருக்கு மாறின அனுபவம்

ஊட்டி சேரிங் கிராஸ்ல இருந்து மேல ஏறுற சந்துல சின்னதா ஒரு காட்டேஜ் நடத்துறோம். மழை காத்துல கற்பூர மரம் லைன் மேல சாஞ்சா கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வெச்சிருந்தோம். இப்ப கூரை மேல 5 கிலோவாட் பேனல், உள்ள 10 யூனிட் கரண்ட் சேத்து வெக்கிற லித்தியம் பேட்டரி. சில குளிர்காலம் பாத்தாச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல புகைய பத்தி சொல்லணும். ஊட்டி டவுன் ஒரு பள்ளம். டிசம்பர் ஜனவரில ராத்திரி குளிர்ந்த காத்து சரிவுல இறங்கி கீழ தேங்கிடும், மேல இருக்குற சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும், புகை போக வழியே இல்ல. 50 கேவிஏ வரைக்கும் உள்ள ஜெனரேட்டருக்கு கட்டடத்த விட ஒன்றரை மீட்டர் உயரத்துல புகைக்குழாய் வெக்கணும்னு விதி இருக்கு, ஆனா நம்ம சந்துல ஒரு வீட்டு கூரை அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேரா நிக்கும், அங்க ஒன்றரை மீட்டர் எந்த மூலைக்கு? பின்பக்க வீட்டு பாட்டிக்கு ஆஸ்துமா, நாங்க ஜெனரேட்டர் போட்டாலே ஜன்னல சாத்திடுவாங்க. டீசல் புகை கேன்சர் வரவைக்கும்னு 2012லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு உறுதியா சொல்லிடுச்சு. காயப்போட்ட பெட்ஷீட்ல டீசல் வாடை, சைலன்சர் பக்கத்து சுவத்துல துடைச்சா துணில ஒட்டுற கரி, இதெல்லாம் இப்ப இல்ல. பாட்டி ஜன்னலும் திறந்தே இருக்கு, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

கரண்ட் எப்படின்னா, வெயில் காலத்துல அருமை. பேனல் சூடானா 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் உற்பத்தி குறையும், நம்ம குளிருக்கு அந்த நஷ்டம் ரொம்ப கம்மி, பிப்ரவரி மார்ச்ல நல்ல நாள்ல 20 யூனிட் தாண்டுது. ஜூன் ஜூலை மிஸ்ட்ல அதே பேனல் மூணு நாலு யூனிட்தான் தரும், அப்ப லைட், வைஃபை, டிவி, ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும். கெய்சர் இதுல போடவே கூடாது, பேட்டரி ஒரே காலைல காலி. பழைய ஜெனரேட்டர விக்கல, ரெண்டு நாள் சேந்தாப்ல கரண்ட் போனா மட்டும் எடுப்போம், அதுவும் பகல்ல.

லித்தியம் பேட்டரி வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, ஜீரோ டிகிரிக்கு கீழ அத சார்ஜ் பண்ணக்கூடாது, உறைபனி விழுற ஊர்ல வெளி ஷெட்ல வெச்சா சீக்கிரம் போயிடும். நாங்க சமையல்கட்டுக்கு அடுத்த ஸ்டோர் ரூம்ல வெச்சிருக்கோம். பேனல தெற்கு பாத்து வைங்க, பனி ஈரத்துல பாசி பிடிக்கும், மாசம் ஒருதடவ வெறும் தண்ணில துடைச்சா போதும். மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்துல வீட்டு கனெக்‌ஷனுக்கு 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா 78,000 ரூபா மானியம் இருக்கு, எங்களுது கமர்ஷியல்ங்கறதால கிடைக்கல, வீட்டுக்கு போடறவங்க விடாதீங்க.