திருச்சிப் பக்கம் ஒரு மாணவியர் விடுதி: ஆறு வருடம் தங்கிய அனுபவம்

பி.இ. நான்கு வருடம், எம்.இ. இரண்டு வருடம். 2017-இல் சேர்ந்து 2023-இல் ரூமைக் காலி செய்யும்வரை திருச்சிப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவியர் விடுதியில் இருந்தேன். கல்லூரி பெயர் வேண்டாம். குறைகளும் சொல்லப்போகிறேன், அவை அந்த ஒரு விடுதிக்கு மட்டும் உரியவையும் அல்ல. கவுன்சிலிங் முடிந்ததும் தெரிந்தவர்கள் போன் செய்து கேட்பது மூன்றே கேள்விகள்: ரூம் எப்படி, சாப்பாடு எப்படி, வைஃபை வருமா? அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் ஒரு விடுதி நல்லதா என்று பார்க்க நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. அங்கே கணக்கு நோட்டை மாணவிகள் திறந்து பார்க்க முடியுமா? முடிந்த இடத்திலெல்லாம் எங்களுக்கு வசதி ஒழுங்காகக் கிடைத்தது. முடியாத இடத்தில் காத்துக் கிடந்தோம்.

மெஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ், சமையல் மாஸ்டர் முதல் பாத்திரம் கழுவும் அக்கா வரை எல்லோருடைய சம்பளம் என்று மாதச் செலவு முழுவதையும் கூட்டுவார்கள். அந்த மாதம் எல்லோரும் சாப்பிட்ட நாட்களையும் கூட்டி, அதால் வகுப்பார்கள். வருவது ஒரு நாள் ரேட். உதாரணத்துக்கு, செலவு 4,50,000 ரூபாய், இருநூறு பேர் சராசரியாக 25 நாள் சாப்பிட்டார்கள் என்றால் மொத்தம் 5,000 நாள், ஆக ஒரு நாளுக்கு 90 ரூபாய். 22 நாள் சாப்பிட்டவருக்கு 1,980 ரூபாய் பில்.

காண்டிராக்ட் மெஸ்ஸில் ரேட் முதலிலேயே பேசி முடித்திருப்பார்கள். அங்கே மிச்சம் பிடித்தால் அது காண்டிராக்டர் பையில் போகும், அதனால் பருப்பும் எண்ணெயும்தான் முதலில் அடிபடும். டிவைடிங்கில் மிச்சமானால் நமக்கு, வீணானாலும் நம் தலையில். முதல் வருடம் சேருகிறவர்களுக்கு இது புரிய ஒரு செமஸ்டர் ஆகும். ஏப்ரலில் பாதிப் பேர் ஸ்டடி ஹாலிடேஸுக்கு ஊருக்குப் போயிருப்பார்கள், ரேட் மட்டும் ஏறியிருக்கும். உடனே "யாரோ அடிக்கிறாங்க" என்று பேச்சு கிளம்பும். அப்படியில்லை. சம்பளம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 நாளில் பிரித்தால் ஒரு நாளுக்கு 24 ரூபாய். 2,500 நாளில் பிரித்தால் 48. ஆள் குறைந்தால் அரிசி குறையும், மாஸ்டர் சம்பளம் குறையாது. அப்புறம் ரிடக்‌ஷன். சாப்பிடாத நாளைப் பில்லில் கழிக்க, ஊருக்குப் போகிறவர்கள் முந்தின நாளே எழுதிக் கொடுக்க வேண்டும், தொடர்ந்து மூன்று நாளாவது இல்லாமல் இருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காமல் பஸ் ஏறினால் சாப்பிடாத நாளுக்கும் காசு. இந்த விதி உங்கள் விடுதியில் எப்படி என்று சேர்ந்த அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் நான் மெஸ் ரெப், அதாவது மெஸ்ஸுக்கான மாணவியர் பிரதிநிதி. மாலை ஆறு மணிக்கு ஸ்டோர் ரூம் திறப்பார்கள். மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று மாஸ்டர் சொல்லச் சொல்ல, ஸ்டோர் அண்ணன் தராசில் நிறுத்து வைப்பார், நான் இண்டென்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரம் மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதினேன். போகப்போக அவர் கணக்கின் அழகு புரிந்தது. "பாப்பா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலமே பாதிப் புள்ளைங்க பஸ் ஏறிடும். ராத்திரி மாவுல நாலு கிலோ குறைச்சுக்க" என்பார். மழை பெய்தால் ரசத்துக்குப் பருப்பு கூட எடுப்பார், அன்றைக்கு எல்லோரும் இரண்டாவது தடவை ரசம் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இந்த அனுபவத்தை எந்தக் காண்டிராக்டும் எழுதி வாங்க முடியாது. மாஸ்டரை மதிக்கிற விடுதியில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். சனிக்கிழமை காலை சூப்பர்வைசருடன் காந்தி மார்க்கெட் போனால், வழக்கமாக எடுக்கிற மூட்டையைத் தொடவே பயமாக இருந்தது. அன்று இரவே மெஸ் கமிட்டி கூடி, வெங்காயச் சட்னிக்குப் பதில் தேங்காய்ச் சட்னி, பச்சடிக்கு வெள்ளரிக்காய், பிரியாணிக்கு மட்டும் வெங்காயம் என்று முடிவு செய்து, பில்லோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அதே கட்டுப்பாட்டை ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தால் தட்டோடு வெளியே வந்திருப்போம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பொங்கல், சாம்பார், ரசம் மூன்றும் நம்பிச் சாப்பிடலாம். ஞாயிறு சிக்கன் நன்றாகவே இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அன்று காலிஃபிளவர் வறுவல். முட்டை, ஆம்லெட் தனி டோக்கன். எட்டரைக்கு மேல் வந்தால் சப்பாத்தி வறட்டியாகிவிடும், கிச்சடி ஆறு வருடமும் தேறவில்லை. காய்ச்சல் என்று ரெப்பிடம் சொன்னால் கஞ்சியும் துவையலும் ரூமுக்கே வரும். அதற்காக மட்டுமே இந்த மெஸ்ஸுக்குத் தனியாக மதிப்பெண் போடுவேன். இன்னொன்று: விடுதி மெஸ்ஸுக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். 14 இலக்க எண் சாப்பாட்டு ஹாலில் தொங்குகிறதா என்று பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனி தண்ணீர். காவிரி பக்கத்தில் ஓடினாலும் எங்களுக்கு வந்தது போர்வெல் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளைப் படிவு, தலையில் முடி கொட்டல். குடிக்க ஆர்.ஓ. பிளான்ட் கீழ்த்தளத்தில் மட்டும். மூன்றாம் மாடியில் இருந்தவர்கள் கேன் தூக்கியே ஏறினோம். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தது, ஆறரைக்குள் எழுந்தால் வெந்நீர். ஐப்பசி கார்த்திகை அடைமழையில், அதாவது வெந்நீர் உண்மையிலேயே தேவைப்படும்போது, பச்சைத் தண்ணீர்தான். மேல்தளத்து ரூம்களைச் சித்திரை வெயிலில் நினைத்தாலே வியர்க்கிறது. கேட்டு வாங்க முடிந்தால் முதல் மாடி வாங்குங்கள்.

குழாய், ஃபேன், டியூப்லைட் ரிப்பேருக்கு ஆபீஸில் ஒரு புகார் நோட்டு. எழுதுவது நம் வேலை, அதன்பின் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தளத்துக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் ஒரு செமஸ்டர் முழுக்க இல்லை. ஒருத்தி குளிக்க, ஒருத்தி வெளியே காவல். கடைசியில் மெஸ் நோட்டு மாதிரியே இதிலும் 'முடிந்த தேதி' என்று ஒரு கட்டமும், புகார் எழுதியவர் கையெழுத்தும் வேண்டும் என்று டெபுடி வார்டன் மேடத்திடம் கேட்டோம். அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டே கொடுத்தார். அதற்கப்புறம் எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்த வாரத்துக்குள் வர ஆரம்பித்தார், கையெழுத்து இல்லாமல் அவருக்கும் வேலை முடிந்ததாக ஆகாதே. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தை எல்லா விடுதிகளும் செய்யலாம்.

நாப்கின் எரிக்கும் இயந்திரம் பற்றி விளம்பரப் புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். புது பிளாக்கில் தளத்துக்கு ஒன்று, பழைய பிளாக்கில் கீழே ஒன்றே ஒன்று, அதுவும் பாதி நாள் ஓடாது. அது ஓடாத நாளெல்லாம் குப்பைத் தொட்டி நிரம்பி, துப்புரவு அக்காக்கள் வெறுங்கையால் எடுத்தார்கள். இருநூறு படித்த பெண்கள் இருக்கும் கட்டடத்தில் அதைப் பார்த்துக்கொண்டு கடந்து போவது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பேப்பரில் சுற்றிச் சிவப்பு மையால் குறியிட்டுத் தனி வாளியில் போடும் பழக்கத்தையும், அக்காக்களுக்குக் கையுறையையும் சீனியர் அக்கா ஒருவர் போராடிக் கொண்டுவந்தார். விடுதி பார்க்கப் போகும்போது ரூமைவிட இந்த மூலையைப் பாருங்கள்.

வாஷிங் மெஷின் பிளாக்குக்கு இரண்டு, ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. வைஃபை இரவு பதினொன்றுக்கு மேல்தான் வேகம். ஸ்டடி ஹால் இரவு முழுக்கத் திறந்திருக்கும், அது பெரிய வரம். கெட்டில், அயர்ன் பாக்ஸ் பிடிபட்டால் போச்சு.

கேட் மூடும் நேரத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்தபோது எங்களுக்கு ஆறரை, பசங்களுக்கு ஒன்பதரை. லைப்ரரி எட்டு மணி வரை திறந்திருக்கும், நாங்கள் ஆறேகாலுக்கே புத்தகத்தை மூடிவிட்டு ஓடி வரவேண்டும். ஒரே ஃபீஸ், ஒரே சிலபஸ், பாதி நேரம். பாதுகாப்பு என்று சொல்லி விடுதிகளில் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை மாணவிகளுக்குப் போடக் கூடாது என்று பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தோம். முதல் மனு மேஜையிலேயே கிடந்தது. 2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இதே பிரச்சினைக்காகக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது செய்தியானது. அந்தச் செய்தியோடு மறுபடி போனோம். எட்டரை ஆனது. இன்னும் சமம் இல்லை, ஆனால் லைப்ரரி எங்களுக்கும் கிடைத்தது.

ராகிங் பயம் பெற்றோருக்கு இன்னும் இருக்கிறது. 1996-இல் சிதம்பரத்தில் மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் இதற்கென்றே சட்டம் வந்தது. யு.ஜி.சி.யின் 2009 விதிப்படி மாணவியும் பெற்றோரும் வருடா வருடம் உறுதிமொழி கொடுக்க வேண்டும். 1800-180-5522 என்ற எண் 24 மணி நேரமும் உண்டு. எங்கள் விடுதியில் முதல் வருடத்தினருக்குத் தனி பிளாக். என் காலத்தில் தொல்லை எதுவும் பார்க்கவில்லை. இரவில் யாருக்காவது முடியாமல் போனால் 108-ஐத்தான் கூப்பிட்டோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள், வார்டன் கையெழுத்துக்காக வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமல் நின்ற ஒரு இரவும் உண்டு. அதற்குப் பிறகு, அவசரத்தில் கையெழுத்து வேண்டாம் என்று எழுதியே ஒட்ட வைத்தோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அவசரமாகக் கிளம்பினோம். திரும்பி வந்தபோது அலமாரியில் பாதிப் புத்தகம் கரையானுக்குப் போயிருந்தது. ரூமுக்கு ஒருவர் என்று வைத்தார்கள், ஆள் குறைவு, மெஸ் ரேட் எகிறியது. இந்தத் தடவை யாரும் சந்தேகப்படவில்லை, வகுத்தல் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். வேலையாட்களை நிறுத்தாமல் கூடுதல் ரேட்டைக் கொடுப்பது என்று கமிட்டியில் கைதூக்கி முடிவெடுத்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

என் கடைசி வருடத்தில் ஜூனியர்கள் சிலருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், அப்போது அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு; 2024-இல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. அந்தப் பணம் பெரும்பாலும் நேராக மெஸ் பில்லுக்குத்தான் போனது. வீட்டுக்குப் போன் செய்து காசு கேட்காமல் பில் கட்டும் தைரியம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரியது என்று கண்ணால் பார்த்தேன். தகுதி இருந்தால் சேர்ந்தவுடன் கல்லூரி வழியாகப் பதிந்துவிடுங்கள்.

இடம் கிடைக்காமல் வெளியே தனியார் விடுதிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. 2024 ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்குவது என்றால் வரி விலக்கு என்று முடிவு செய்தது. பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

காலி செய்யும்போது லைப்ரரி, லேப், மெஸ், ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் பாக்கி இல்லை என்று நோ டியூஸ் கையெழுத்து வாங்க வேண்டும். காஷன் டெபாசிட் ரசீதை முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள், வருடக்கணக்கில் அந்த மை மங்கிவிடும். ஆபீஸில் கட்டிய டெபாசிட் எனக்கு வந்து சேர ஐந்து மாதமும் ஏகப்பட்ட போன்களும் ஆயின. மெஸ் அட்வான்ஸ், கடைசி பில் போக மீதி, நான் ஊர் போய்ச் சேர்ந்த வாரமே அக்கவுண்டில் ஏறியிருந்தது. எப்படிக் கழித்தார்கள் என்று நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஜூனியர் ரெப் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.