ஊட்டி சீசன் வேலை, 'சாப்பாடு தங்குமிடம் இலவசம்': பணம் கட்டும் முன் இதைப் படிங்க

பிப்ரவரி, மார்ச் வந்தால் போதும், "ஊட்டி ரிசார்ட்டுக்கு ஆள் தேவை, சம்பளம் 18,000, சாப்பாடு தங்குமிடம் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். கேட்டரிங் டிப்ளமோ முடித்த என் அக்கா மகன் போன சீசனில் இப்படி ஒன்றை நம்பி வடபழனி பக்கம் ஒரு கன்சல்டன்சிக்குப் போனான். மாடியில் ஒரே அறை, இரண்டு மேசை, சுவர் முழுக்க ஸ்டார் ஹோட்டல் படங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

சர்வீஸ் சார்ஜ் 8,000, யூனிஃபார்ம் டெபாசிட் 2,000 வாங்கினார்கள். அதற்கு மேல் 'இ-பாஸ் செலவு' என்று 500. இந்த 500-ஐக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (மலைக்குள் நுழைய அனுமதிச் சீட்டு) இருக்கிறது, உண்மை. ஆனால் அது வெளியூர் வண்டிகளுக்கு. ஆன்லைனில் காசு இல்லாமலே எடுக்கலாம். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிற பையனுக்கு என்ன இ-பாஸ்? ரசீது கேட்டதற்கு, "கூகுள் பே ஹிஸ்டரிதான் சார் ரசீது" என்றார்கள். பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. 'வெரிஃபிகேஷன்' என்று பத்தாம் வகுப்பு, டிப்ளமோ ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். ரிசார்ட்டைப் பார்த்ததும் பையனுக்குத் தலைகால் புரியவில்லை, போட்டோ மேல் போட்டோ அனுப்பினான். ராத்திரி படுக்க அழைத்துப் போன இடத்தை மட்டும் அனுப்பவில்லை. அது குன்னூர் போகிற ரோட்டில், எல்லநள்ளியைத் தாண்டி ஒரு தகரக் கூரை. ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம், வெந்நீர் கிடையாது, ஆளுக்கு ஒரு கம்பளி. சென்னை வெயிலில் வளர்ந்தவனுக்கு முதல் வாரமே சளி பிடித்துக்கொண்டது.

ஊருக்கு வெளியே தங்கவைத்ததை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். சீசனில் ஊட்டி டவுனுக்குள் காலியாக ஓர் அறை இருந்தால் அது காட்டேஜ் என்று தினவாடகைக்குப் போய்விடும். மாதச் சம்பளக்காரன் அந்த வாடகைக்கு எங்கே போவான்? ரூம் பாய், சமையல்காரர், டிரைவர் என்று பலரும் கேத்தி, எல்லநள்ளி, குன்னூர்ப் பக்கம் தங்கித்தான் வேலைக்கு வருகிறார்கள். "ரிசார்ட்டுக்குள்ளேயே ரூம்" என்று சொல்லிப் பணம் வாங்கியதுதான் ஏமாற்று. டின்னர் ஷிப்ட் முடிய ராத்திரி பதினொன்று ஆகும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. விடுவதாகச் சொன்ன வேன் கொஞ்ச நாளில் நின்றது. அப்புறம் ஆளாளுக்குக் காசு போட்டு ஜீப் பிடித்துப் போக வேண்டியதாயிற்று.

முதல் மாதச் சம்பளச் சீட்டை எனக்கு அனுப்பினான். 18,000-இல் தங்குமிடம் 3,000, மெஸ் 2,400, பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 135, யூனிஃபார்ம் 750 பிடித்தம். கைக்கு வந்தது 9,915. இலவசம் என்று சொன்ன இரண்டுக்குமே காசு! டெபாசிட் கட்டிய யூனிஃபார்முக்கு மறுபடியும் பிடித்தம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு என்னவோ சரிதான், பி.எஃப். உச்சவரம்பான 15,000-க்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு 18,000-இல் முக்கால் சதவீதம். ஆனால் பையனுக்கு யுஏஎன் என்கிற பி.எஃப். நம்பரும் இல்லை, இ.எஸ்.ஐ. நம்பரும் இல்லை. பிடித்த பணம் எங்கே போனதென்று கேட்டால், "ஹெட் ஆபீஸ்ல பாத்துப்பாங்க தம்பி" என்று மேனேஜர் நழுவிவிட்டார். வேலையில் சேர்ந்தவுடன் இந்த இரண்டு நம்பரையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று அரசின் உமாங் ஆப்பில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மலர்க் கண்காட்சி முடிந்த கையோடு அடுத்த குண்டு. "வண்டிக்குக் கட்டுப்பாடு போட்டுட்டாங்க, பிசினஸ் இல்ல, இந்த மாசம் பாதிச் சம்பளம்." வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று 2025 ஏப்ரலில் நீலகிரிக்குக் கட்டுப்பாடு வந்ததென்னவோ நிஜம். ஆனால் அந்த வாரம் ஒரு ரூம்கூடக் காலியில்லை, பெட்ஷீட் மாற்றியவனே இவன்தான். எதிர்த்துக் கேட்டதற்கு, "இஷ்டம்னா இரு, இல்லேன்னா கிளம்பு." ஜூனில் மழை பிடித்ததும் அந்தப் பேச்சுக்கும் வேலையில்லை, சீசன் பையன்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். பாக்கிச் சம்பளம் வரவில்லை.

வடபழனியில் சான்றிதழைக் கேட்டால், 'ரிலீஸ் லெட்டர்' கட்டணம் 5,000 என்றார்கள். நானும் அக்காவும் நேரில் போனோம். அக்கா நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேலை கேட்டு வந்த ஒவ்வொரு பையனிடமும் கதையை முதலிலிருந்து சொன்னாள். மத்தியானத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. போலீஸ் என்று நான் மிரட்டியதைவிட அதுதான் வேலை செய்தது.

பணம் திரும்பவில்லை. பாக்கிச் சம்பளத்துக்குத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். வேலை நடந்த இடம் நீலகிரி என்பதால் அங்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். சம்பளச் சீட்டு, கூகுள் பே ஸ்கிரீன்ஷாட், மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் பத்திரமாக இருந்ததால் மனு எழுதச் சிரமமில்லை. ரிசார்ட் பெயர் போட்ட வேலை உத்தரவு ஒன்று இருந்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும், அதைத்தான் கடைசிவரை தரவே இல்லை. ஹோட்டல் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் தனியாக இருக்கிறது, போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அதே வாட்ஸ்அப் நம்பரிலிருந்து நேற்று புது விளம்பரம் வந்திருக்கிறது. இந்த முறை கொடைக்கானல், சம்பளம் 20,000. இவர்களிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், எங்கள் மனுவின் நகலை அனுப்புகிறேன்.