38 பிள்ளைகளோடு மலை இறங்க: சபையார் காரா, அரசு பஸ்ஸா, வாடகை வேனா?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் நடக்கும் வாலிபர் முகாமுக்குப் போன வருஷம் 38 பிள்ளைகளை அழைத்துப் போனோம். கமிட்டியில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பேசினோம், வண்டிக்கு ஐந்து நிமிடம். இந்த முறை அதைத் திருப்பிப் போட்டோம்.

முதலில் எல்லார் வாயிலும் வருவது சபையார் கார். செலவில்லை, அன்போடு தருகிறார்கள். இருந்தும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். எட்டுக் கார் என்றால் எட்டு ஓட்டுநர்; அதில் நாலு பேர் ஊருக்குள் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள். டீசலுக்கென்று ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கினால் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகிவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் போட்டிருக்கும் காரில் கூட உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இழப்பீடு கிடைப்பதும் நிச்சயமில்லை. காரைத் தரும் அண்ணனுக்கே இது பெரும்பாலும் தெரியாது. அவரையும் சேர்த்துத்தான் நாம் ஆபத்தில் மாட்டிவிடுகிறோம்.

அரசு பஸ்ஸை நான் மிகவும் மதிக்கிறேன். தினமும் இதே வளைவுகளில் ஏறி இறங்குகிற கை அது. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் யோசிக்காமல் காலை முதல் பஸ்ஸில் போய்விடலாம். 38 பேர் ஒரே பஸ்ஸில் ஏற முடியாது. பாதிப் பிள்ளைகள் நின்றுகொண்டு வருவார்கள், மீதிப் பேர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

மலை ரயில் ஊட்டி நிகழ்ச்சிக்கு ஆகும், அதுவும் குன்னூர் வரை போய் ஏற வேண்டும். சமவெளிக்கு ஆகாது: மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டி ஊட்டியில் மதியம்தான் கிளம்புகிறது, மழையில் மண் சரிந்தால் ரத்து.

மிச்சம் வாடகை வேன். இதிலும் இரண்டு வகை. கோவையிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை கீழேயிருந்து வரவழைத்தோம். ஓட்டுநர் முந்தின இரவு வேறொரு சவாரி முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால்; பாதி வழியில் கருகல் நாற்றம். ஓரமாக நிறுத்தச் சொல்லி முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். ஓயாமல் மிதித்தால் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிமானம் போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநரின் முதல் பாடம். அவருக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை. கீழேயிருந்து வரும் வண்டிக்கு நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு டிஎன் 43 என்று நீலகிரிப் பதிவெண் உள்ள உள்ளூர் வேனுக்கு, வாடகை கூடுதலானாலும். ஆனால் மஞ்சள் போர்டு மட்டும் யாரையும் காப்பாற்றாது. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்ததும் சுற்றுலா பஸ்தான். வண்டி எண்ணை வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். டயரை நேரில் போய்ப் பாருங்கள். முந்தின இரவு எங்கே ஓட்டினீர்கள் என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். நல்ல ஓட்டுநர் கோபித்துக்கொள்ள மாட்டார். இருக்கைக்கு ஒருவர், மடியில் யாரும் கூடாது. ஒவ்வொரு வேனிலும் பெயர்ப் பட்டியலோடு ஒரு பெரியவர் முன் சீட்டில் இருக்கட்டும்.

இந்த முறை 21 சீட் வேன் இரண்டு பேசியிருக்கிறோம், பெரியவர்கள் நாலு பேர். ஐப்பசியில் ஐந்தரைக்கே மூடுபனி ரோட்டில் இறங்கிவிடும் என்பதால் நிறைவு ஜெபத்தை இரண்டரைக்கு வைக்கும்படி ஆயர் ஐயாவிடம் கேட்டோம். தேவசெய்தியைச் சுருக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.