தோட்டத்துப் பாட்டிமாருக்குக் கணினியில் சேலை உடுத்தித் தருகிறேன் என்று சொல்லி 1,850 வெள்ளியை விழுங்கிவிட்டார்கள்

1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போய்விட்டது. நேற்று இரவு கடைசிப் பதிலும் வந்தது: ‘உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.’ ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கணினியில் மனித உருவம் செய்து அதற்குத் துணி உடுத்தி அசைய வைக்கிற வேலையில் இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாரும் இதே குழியில் விழக்கூடாது. எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் ஒன்றுகூடும் விழாவுக்கு ஒரு சின்னக் காணொளி செய்யலாம் என்று முடிவெடுத்தோம். தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமே கிடையாது, பார்க்கும் இடமெல்லாம் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் இடித்தாகிவிட்டது. பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த எங்கள் பாட்டிமார் வேலைக்குப் போன கோலத்தில் எடுத்த படம் ஒன்றாவது கிடைக்குமா என்று வீடு வீடாகக் கேட்டோம். இருந்ததெல்லாம் ஸ்டூடியோவில் பட்டுச்சேலை கட்டி நின்ற கல்யாணப் படங்கள்தான். யார் வந்து அவர்களை மரத்தடியில் படம் எடுத்தார்கள்? அதனால்தான் கணினியிலாவது அவர்களை எழுப்பி நிறுத்துவோம் என்று நினைத்தோம். விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்பது, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால் வாளி தூக்கி நடப்பது, மரத்தடியில் குந்திப் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பது. அவ்வளவுதான் காட்சி.

உருவங்களும் அசைவும் என் பொறுப்பு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருந்தேன். உடைக்கு மட்டும் தனியாக ஆள் பிடிப்பதென்று பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணம்தான் அந்த 1,850 வெள்ளி. அதில் 50 வெள்ளி ஒரு பெரியம்மா கொடுத்தது. சின்ன வயதிலிருந்து பால் வெட்டியவர். பணத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், எங்கள் வீட்டுக்கே வந்து அந்தக் காலத்தில் எப்படி உடுத்தினார்கள் என்று கட்டிக் காட்டினார். பழைய நூல் சேலையை வழக்கம் போல் சுற்றி, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகி, முந்தானையை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மேலே ஆம்பிளைகள் போடும் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. “முட்டிக்குக் கீழ ஒரு சாண் ஏத்திக் கட்டணும்மா, இல்லாட்டி புல்லு ஈரம் பூரா சேலையில ஏறிக்கும். பால் தெறிச்ச எடம் காஞ்சுபோயி வெறச்சு நிக்கும், தொவைச்சாலும் போகாது” என்றார். அந்த விறைப்பு உட்பட எல்லாவற்றையும் எழுதி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களோடு அனுப்பினேன்.

யாருக்கு அனுப்பினேன் என்றால், உலகம் முழுக்க உள்ள முப்பரிமாணக் கலைஞர்கள் தாங்கள் செய்த உடை, தலைமுடி, பொருள்களை விற்கிற ஓர் இணையச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு. ஆர்டரின் பேரில் புதிதாகவும் செய்து தருவார்கள். பெயர் போட விரும்பவில்லை. அவர் கடையில் ஒரு மாதிரிக் காணொளி இருந்தது. மஞ்சள் நிறப் பின்னணியில் ஒரு பெண் உருவம் சேலையோடு நடந்து வந்து திரும்புகிறது. முந்தானை ஒரு கணம் பின்தங்கி, அப்புறம் தோளைத் தொடர்ந்து வந்து அடங்குகிறது. கொசுவம் ஒவ்வோர் அடிக்கும் விரிந்து மடிகிறது. இந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஏன் அருமை என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கணினியில் துணி என்பது புள்ளிகளால் ஆன ஒரு வலை. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு சுருள்வில் போட்டுக் கட்டியது போல் இணைந்திருக்கும். இழுபடுவதற்கு ஒரு கணக்கு, கோணலாகச் சரிவதற்கு ஒரு கணக்கு, மடிவதற்கு ஒரு கணக்கு. உருவம் அசைய அசைய, புவியீர்ப்பு எவ்வளவு இழுக்கிறது, துணி உடம்பில் எங்கே முட்டுகிறது, துணி துணியோடு எங்கே உரசுகிறது என்று காணொளியின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (ஃபிரேமுக்கும்) கணக்குப் போட வேண்டும். சட்டை, கவுன் என்றால் பரவாயில்லை. சேலை தைத்த உடை இல்லையே. சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு ஒரே துணி, தன் மேலேயே பலமுறை மடிந்து நிற்கிறது. மார்வலஸ் டிசைனர் என்ற உடை செய்யும் மென்பொருளில் புள்ளிகளுக்கு இடையே வழக்கமாக விடும் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலே ஒரு சேலைக்கு ஏறக்குறைய 16,000 புள்ளிகள் வரும். கொசுவம் கூர்மையாக மடிய வேண்டுமென்று 5 மில்லிமீட்டருக்கு இறக்கினால் அதைப்போல் 16 மடங்கு, இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். இதைச் சரியாகச் செய்து தருகிறவர் பணம் கேட்டால் கொடுப்பதுதான் நியாயம். விலை அதிகம் என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் இணையம் பார்த்து ஏமாறும் ஆள் இல்லை, நிறையக் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பதில் வந்தது. பெரியம்மாவின் படங்களைப் பார்த்துவிட்டு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “அக்கா, எங்க பாட்டியும் மலாயாவுல பால்மரம் வெட்டிட்டு ஊர் திரும்பினவங்கதான். இத நான் வேலையா நினைக்கல. எங்க பாட்டிக்குச் செய்யற மாதிரி செஞ்சு தர்றேன்.” இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவில் எல்லாருக்கும் அனுப்பினேன். பெரியம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். “யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்” என்றார். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். பணத்தைத் திருடுவதற்குப் பாட்டியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்த வேண்டுமா?

பணம் சந்தையின் கையில்தான் இருக்கும், வாங்குபவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று அழுத்தினால்தான் கலைஞருக்குப் போகும் என்று அந்தத் தளம் பெரிதாகப் போட்டிருக்கிறது. கேட்பதற்குப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுக் கோப்பு இறங்குவதே அந்தப் பொத்தானை அழுத்திய பிறகுதான். அதற்கு முன்னால் காட்டுவது சில படங்களும், குறுக்கே முத்திரை போட்ட ஒரு காணொளியும். காணொளியில் எல்லாம் நான் கேட்டபடியே இருந்தது. சட்டை, தலைத்துண்டு, ஏற்றிக் கட்டிய சேலை. அந்த உருவம் குந்தி எழுந்தபோது துணி முட்டியில் தங்கி இறங்கியது. அழுத்தினேன். 1,850 வெள்ளியும் அந்த நிமிடமே போனது.

கோப்பைத் திறந்தால் சேலையும் சட்டையும் ஒரே உடலாக ஒட்டிப்போய் இருக்கின்றன. கொசுவம் மடித்த துணியே இல்லை. களிமண் சிற்பத்தில் கோடு இழுப்பது போல் மேலே செதுக்கிய வரிகள். துணிக்குத் தடிமன் வேண்டுமென்று உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் போட்டு மூடியிருக்கிறார். துணிக் கணக்குக்கு ஒற்றைப் படலம்தான் வேண்டும். இரண்டு பக்கமும் மூடிய ஓடாக இருந்தால் அது தன்னோடு தானே மோதிக்கொள்ளும். இடுப்பில் சேலை சட்டைக்குள் புகுந்து நிற்கிறது. தொடங்கும்போதே இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஓட்டினேன். முதல் சட்டகத்திலேயே துணி நாலா பக்கமும் சிதறியது. பிளெண்டரில் தரப்படிகளை (ஒரு சட்டகத்துக்குள் எத்தனை தடவை கணக்குப் போடுகிறது என்பதை) வழக்கமான 5-இலிருந்து ஏற்றிப் பார்த்தேன், இடுப்புப் புள்ளிகளை அசையாமல் பிணைத்துப் பார்த்தேன், மோதல் தூரத்தைக் குறைத்துப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நிற்கும் உருவத்துக்குக்கூட அது தங்கவில்லை. துணிக் கணக்கே வேண்டாம், உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்போடு கட்டி நடக்க வைக்கலாம் என்று பார்த்தால், குந்தும்போது முட்டி இரண்டும் சேலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. கட்டம் போட்ட துணியின் கோடுகள் பின்பக்கம் கோணிக்கொண்டு ஓடுகின்றன. பெரியம்மா சொன்ன அந்த விறைப்பைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, முழுச் சேலையுமே பலகைதான்.

அப்புறம்தான் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் இருக்கும் சேலைக்குக் கரையில் இரண்டு கோடு. எனக்கு வந்ததில் கரைக்கோடே இல்லை. காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று.

உடனே எழுதினேன். முதலில், “உங்க கம்ப்யூட்டருக்குப் பவர் பத்தலக்கா.” என் கணினி விவரத்தை அனுப்பினேன். அடுத்து, “வெர்ஷன் மாத்திப் பாருங்கக்கா.” மாற்றினேன். அதன்பின், அவருடைய கோப்பிலேயே சேலை சரியாக விழுவதைத் திரையைப் பதிவு செய்து அனுப்புங்கள், நான் பேசாமல் போய்விடுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அக்காவும் இல்லை, பாட்டியும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே வரி: விவரக் குறிப்பில் ‘துணிக் கணக்குக்கு ஏற்றது’ என்றுதான் இருக்கிறது, உங்கள் உருவத்தில் ஓட்டித் தருவதாக இல்லை. அதற்கும் பதில் எழுதினேன். படித்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை.

சந்தைக்காரர்கள் அதைவிட மோசம். புகார் எழுதினால் இயந்திரம் பதில் சொல்கிறது. மனிதர் என்று ஒருவர் வந்தார், படங்கள் அனுப்புங்கள் என்றார். சிதறிய துணியின் பதிவு, இரண்டு சேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் எல்லாம் அனுப்பினேன். நீங்களே ஏற்றுக்கொண்ட ஆர்டர், மின்கோப்புகளுக்குப் பணம் திரும்பாது என்று பதில். கோப்பைப் பார்க்காமல் எப்படி ஏற்றுக்கொள்வது, பார்க்க விடாதது யார் என்று கேட்டேன். வேறொருவர் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். புகாரை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். வங்கிக்கும் பேசினேன். நீங்களே அனுமதி கொடுத்த பணம், எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம். உள்ளூர்க் கடையாக இருந்தால் நான் இந்நேரம் ஈப்போவில் நின்றிருப்பேன். முகவரி இல்லாத வெளிநாட்டு ஆளுக்கு எங்கே போய் நோட்டீஸ் கொடுப்பது?

1,850 வெள்ளி. நாள் சம்பளத்துக்குப் போகிறவர்களும் இதில் போட்டிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம் “படம் ஓடுதாம்மா?” என்று கேட்கிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், வங்கிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அழகாக எடுத்த காணொளியை நம்பவே வேண்டாம். சட்டென்று ஒரு திரைப்பதிவு கேளுங்கள், வலைக்கோடுகள் தெரிய, உங்கள் உருவத்தின் மேல், முதல் சட்டகத்திலிருந்து ஓட வேண்டும். துணி ஒற்றைப் படலமா, சட்டையும் சேலையும் தனித்தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். கோப்பைத் திறந்து பார்க்காமல் ‘ஏற்றுக்கொண்டேன்’ அழுத்தச் சொல்லும் சந்தையில் பெரிய தொகை வேண்டாம். பணத்தைப் பிரித்துக் கொடுங்கள், முதலில் சேலை மட்டும். நேராக ஒருவர் வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டு ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் மலேசியாவின் தேசிய மோசடி உதவி மைய எண்ணான 997-க்கு அழையுங்கள்.

இன்னொன்று. இன்று காலையில் பார்த்தேன், அதே மஞ்சள் பின்னணிக் காணொளி இன்னொரு கடைப் பெயரில் ஏறியிருக்கிறது, தீபாவளித் தள்ளுபடி என்று போட்டு. கரையில் இரண்டு கோடு, முந்தானை இடத்தோளில், உருவம் வலப்பக்கம் திரும்பும். கண்ணில் பட்டால் பணம் கட்டாதீர்கள், கட்டியிருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.