அசல் ஆம்பூர் லெதர் என்றார்கள், தோளில் நிற்கவே இல்லை: கேமரா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வேலூரில் கேமரா ஸ்ட்ராப் வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்து இதைப் படியுங்கள். டவுன் பஜார் பக்கம் ஒரு கடையில் 1,450 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்ட்ராப் வாங்கினேன். "அசல் ஆம்பூர் லெதர் சார், அடியில ஆன்டி ஸ்லிப், நீங்க ஓடினாலும் தோள்ல இருந்து இறங்காது" என்று சொல்லி விற்றார்கள். அது லெதரும் இல்லை, தோளில் நிற்கவும் இல்லை. புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை கடைப் பெயரை எழுத மாட்டேன். ஆனால் அதே சரக்கு இன்றைக்கும் அங்கே தொங்குகிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

கல்யாணம், திருவிழா எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும். ஒரு கேமரா கழுத்தில், இன்னொன்று வலது தோளில். தோளில் தொங்குவதில் தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கும் 70-200 எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் லென்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோ வரை வரும், கேமரா பாடியோடு சேர்த்தால் இரண்டரைக் கிலோவை நெருங்கும். தோள் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறது, எடையும் அதே பக்கம் இழுக்கிறது. தாலி கட்டும்போது கொஞ்சம் குனிந்தால் போதும், ஸ்ட்ராப் முழங்கைக்கு வந்துவிடும். கேமரா பெட்டியில் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் ஸ்ட்ராப்பை ஒற்றைத் தோளில் போட்டால், முக்கால்வாசி நேரம் இதே கதைதான். துணிக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே உள்ள பிடிமானம்தான் அதைத் தோளில் நிறுத்துகிறது. ஆகவே சட்டையைத் தொடுகிற அடிப்பக்கம்தான் முக்கியம், மேலே தெரியும் பளபளப்பு எதற்கும் உதவாது.

என் ஸ்ட்ராப்பின் அடிப்பக்கம் வாங்கும்போது ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது. கடைக்குள் ஃபேன் காற்றில், காட்டன் சட்டைமேல் போட்டுப் பார்த்தபோது நன்றாகவே பிடித்தது. வெயிலில் வேர்வை பட்டதும்தான் குணம் மாறியது. அந்த ஆன்டி ஸ்லிப் மெல்லிய ஏடாக உரிய ஆரம்பித்தது, உரிந்த இடமெல்லாம் வழவழவென்று ஆனது. வெள்ளைச் சட்டையில் தோள்மேல் கறுப்பாகச் சாயம் வேறு.

வைகாசி 1, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர்வலமாகக் கொண்டுவரும் அம்மன் சிரசு நெருங்கி வரும்போது கழுத்தில் இருந்த கேமராவைத் தூக்கினேன், பின்னால் இருந்து ஒரு தள்ளு. வலது தோளில் இருந்த ஸ்ட்ராப் ஒரே வழுக்கில் கைவழியாக இறங்கிவிட்டது. முழங்கையை மடக்கியதால் கேமரா தரையில் விழவில்லை, ஆனால் லென்ஸ் முனை கரண்டு கம்பத்தில் மோதியது. லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் உடைந்து, ஃபில்டர் மாட்டும் மரை நசுங்கிவிட்டது. அந்த நேரத்தில் அதே இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போது இப்போதும் பதறுகிறது.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் நண்பரிடம் ஸ்ட்ராப்பைக் காட்டினேன். ஓரத்தைப் பிளேடால் கீறிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "அண்ணே, இது தோலே கிடையாது. நடுவுல துணி தெரியுது பாருங்க. மேலயும் கீழயும் பி.யூ. ஒட்டின ரெக்சின்." உண்மையான தோலை வெட்டினால் வெட்டுவாயில் பின்னிப் பிணைந்த நார்தான் தெரியுமாம், துணி இழை தெரியாதாம். பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் சூடும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்து உரியும் என்பதையும் அவர்தான் விளக்கினார். ஈரமும் சூடும் வேலூர் வெயிலில் தோளுக்குக் கேட்காமலே கிடைக்கும். தோல் தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் பாண்டட் லெதரும் இருக்கிறதாம், அதுவும் இப்படித்தான் பொருக்காக உதிருமாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எத்தனை ஆயிரம் குடும்பங்கள் தோலை நம்பிப் பிழைக்கிற ஊர்ப்பக்கம் இது! அந்தப் பெயரை ரெக்சின்மேல் அச்சடித்து விற்பதுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது.

கடைக்குப் போய்க் காட்டினேன். "இன்னா சார், வேர்வை பட்டா எதுவா இருந்தாலும் அப்படித்தான் ஆவும். வித்தது வித்ததுதான், பில்லுலயே போட்டிருக்கோம் பாருங்க." கடைக்காரர் பில் என்று சொன்னது எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. அதில் ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை, பொருளின் பெயர்கூட 'பெல்ட்' என்றுதான் இருந்தது. லெதர் என்று சொன்னதே இல்லை என்றும் சாதித்தார். பக்கத்தில் அதே ஸ்ட்ராப் அதே லேபிளோடு தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே வகைதான். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியலாம், நான் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜி.பே.யில் பணம் அனுப்பிய பதிவு, ஸ்ட்ராப்போடு வந்த லேபிள், உரிந்த துண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வாங்கும்போது ஸ்ட்ராப்பைத் திருப்பி, ஓரத்தில் வெட்டுவாயைப் பாருங்கள். ஓரம் முழுக்கப் பெயிண்ட் பூசி மறைத்திருந்தால் கம்பி வளையம் மாட்டும் துளைக்குள் பாருங்கள், அங்கே உள்பக்கம் தெரியும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் தெரிந்துவிடும். கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, தோளில் போட்டுக் குனிந்து பாருங்கள். முக்கியமாக, வேலைக்குப் போடும் சட்டையிலேயே போங்கள். டீம் டி-ஷர்ட் பாலியெஸ்டர் என்றால் காட்டனில் பிடிக்கிற ஸ்ட்ராப்கூட அதில் வழுக்கும்.

இப்போது என் நைலான் ஸ்ட்ராப்புக்கு அடியில், தோள் படுகிற நீளத்துக்கு, சொரசொரப்பான சூயிட் தோல் துண்டு ஒன்றை அந்த நண்பரே தைத்துக் கொடுத்தார். பசை மட்டும் போட்டு ஒட்டினால் வேர்வையில் விட்டுவிடும் என்று நான்கு பக்கமும் தையல் போட்டார். காட்டன் சட்டையில் அசையவே இல்லை. பாலியெஸ்டரில் கொஞ்சம் இறங்குகிறது, அதற்கு சிலிக்கோன் கோடுகள் வைத்த பேட் நல்லது என்கிறார்கள். கூட்டமான இடத்தில் எதையும் நம்பாமல் குறுக்கே, இடது தோளில் இருந்து வலது இடுப்புக்குப் போட்டுக்கொள்கிறேன். தலை நடுவில் இருப்பதால் எவ்வளவு தள்ளினாலும் ஸ்ட்ராப் கீழே போக வழியில்லை.

எனக்கு விற்ற ஸ்ட்ராப்பின் அடையாளம்: கறுப்பு நிறம், இரண்டு ஓரமும் சிவப்புத் தையல், அடிப்பக்கம் சின்னச் சின்னக் கட்டமாக அச்சு, நடுவில் பொன்னிற எழுத்தில் லெதர் என்று முத்திரை. இதை வாங்கி மாட்டியிருப்பவர்கள் அடுத்த வேலைக்குப் போகும்முன் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உரிந்தால் கழற்றிவிட்டு, சீட்டையும் லேபிளையும் எடுத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள்.