ஷாட்டோ முசார்: எட்டு வருடம் குடித்துப் பார்த்த பிறகு

2017 தீபாவளிக்கு முதல் நாள் இரவுதான் இந்தச் சிவப்பு ஒயினை முதல் தடவை திறந்தேன். வீட்டில் மாமனார், மச்சான், நான். ஊற்றியதும் மாமனார் முகர்ந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, காடி வாசம் வருது, புளிச்சுப் போயிடுச்சோ?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிட்டத்தட்ட 90 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கியது வேறு. சரி, ஓரமாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் கழித்து மட்டன் பிரட்டலோடு மறுபடி எடுத்தால், அந்தக் காடி வாசம் பின்னால் போய், காய்ந்த அத்திப்பழம், பட்டை, பழைய தோல் பை எல்லாம் கலந்த மாதிரி ஒரு மணம். பாட்டில் அன்றே காலி. அடுத்த வாரம் அதே 2009 அறுவடையில் ஆறு பாட்டில் வாங்கினேன்.

இது லெபனான் ஒயின். 1930-இல் காஸ்தோன் ஹோஷார் தொடங்கியது, இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. கேபர்னே சோவின்யோன், சான்ஸோ, கரின்யான் என்று மூன்று வகைத் திராட்சை சேர்ந்த கலவை. எந்த அளவில் கலப்பது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். திராட்சை விளைவது பெக்கா பள்ளத்தாக்கில், சுமார் 1000 மீட்டர் உயரத்தில். ஒயின் செய்யும் இடமோ மலைக்கு அந்தப் பக்கம், பெய்ரூத்துக்கு வடக்கே கஸீர் என்ற ஊரில். அதனால் ஒவ்வோர் அறுவடையும் லாரியில் மலை ஏறி இறங்கித்தான் வர வேண்டும். 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் மகன் செர்ஜ் ஹோஷார் இந்த வேலையை விடவில்லை. 1976-இல் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1984-இல் சண்டையால் லாரிகள் தாமதமாகி, திராட்சை வரும் வழியிலேயே நொதிக்க ஆரம்பித்துவிட்டது. அதே 1984-இல்தான் பிரிட்டனின் டிகேன்டர் ஒயின் இதழ் தன் ஆண்டின் சிறந்த மனிதர் விருதை முதன்முதலாகக் கொடுத்தது, கொடுத்தது செர்ஜுக்கு. 2014 கடைசியில் அவர் காலமானார், இப்போது அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்கிறது. குண்டு விழுகிற பாதையில் திராட்சை ஏற்றிப்போன ஆட்களை நினைக்காமல் எனக்கு இந்தப் பாட்டிலைத் திறக்க முடிவதில்லை.

அந்தக் காடி வாசத்துக்குக் காரணம் செய்முறையில் இருக்கிறது. மூன்று திராட்சையையும் தனித்தனியாக, தோலிலேயே இருக்கும் ஈஸ்ட்டை வைத்து சிமெண்டுத் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள், பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஒரு வருடம், அதற்கப்புறம்தான் கலப்பது, மூன்றாம் வருடம் பாட்டிலில் அடைத்து மேலும் நான்கு வருடம் நிலவறையில் வைத்திருந்து, அறுவடை முடிந்து ஏழாம் வருடம்தான் வெளியே விடுகிறார்கள். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகம் மிகக் குறைவு, வடிகட்டுவதும் இல்லை. அதனால் காடி வாசம் லேசாக எழும், அடியில் வண்டல் நிற்கும், ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு பாட்டில்கூட ஒரே மாதிரி இருக்காது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே ருசி வேண்டும் என்பவர்கள் இந்தக் காசுக்கு வேறு நல்ல ஒயின் வாங்கிக்கொள்ளலாம், இது அவர்களுக்குச் சரிப்படாது.

அப்புறம் நம் சிங்கப்பூர் வெயில். முதல் ஆறில் இரண்டை அதனால் இழந்தேன். எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சமையலறைப் பக்கம் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும், அங்கே அலமாரியில் வைத்திருந்தேன். ஏழெட்டு மாதத்தில் தக்கை மேலே எழும்பி, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. திறந்தால் வேகவைத்த திராட்சை ருசி. மனசு கேட்கவில்லை, மறு வாரமே ஒரு சின்ன ஒயின் குளிர்பெட்டி வாங்கினேன். 13 டிகிரியில் படுக்க வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு ஒன்றுகூடக் கெடவில்லை.

பரிமாறுவதிலும் பல தடவை தவறு செய்துதான் இந்த முறைக்கு வந்தேன். இதற்குக் காற்று வேண்டும், சூடு ஆகாது. மேசைமேல் இரண்டு மணி நேரம் விட்டால் நம் 30 டிகிரியில் சூடேறி, போன காடி வாசம் திரும்பி வந்துவிடும். அதனால் முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் படிய விடுகிறேன், மறுநாள் மெதுவாகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, கழுவின பாட்டிலிலேயே திருப்பி ஊற்றி, குளிர்பெட்டியில் ஒன்றரை மணி நேரம். பழைய தக்கை உதிரும், திருகியை அவசரப்பட்டு இழுக்காதீர்கள்.

சாப்பாடு என்றால் தம் பிரியாணிதான் என் முதல் தேர்வு, அதில் இருக்கும் பட்டை, கிராம்பு, வறுத்த வெங்காயத்துக்கு இது அப்படிப் பொருந்தும். மீன் தலைக் கறியோடு வேண்டவே வேண்டாம், புளியும் மிளகாயும் சேர்ந்து ஒயினைக் கசப்பாக்கிவிடும்.

விலை குறையாது. இங்கே தீர்வையே ஒரு லிட்டர் மதுசாரத்துக்கு 88 வெள்ளி. ஒயினில் மதுசாரம் 14 விழுக்காடு என்று கணக்குப் போட்டால் 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு 9 வெள்ளி 24 காசு, அதற்கும் மேல் பொருள் சேவை வரி. நாங்கள் வருடத்துக்கு மூன்று நான்குதான் திறக்கிறோம்.

அந்த முதல் ஆறில் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். ஹோஷார் குடும்பம் தொடங்கி 2030-இல் நூறு வருடம், அந்தத் தீபாவளிக்குத்தான் திறக்க வேண்டும் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். காடி வாசம் வந்தாலும் பரவாயில்லையாம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம்.