கன்றுக்குட்டிக்கான புரோபயாடிக் பவுடர்: இரண்டு கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில்

உசிலம்பட்டி பக்கம் நாங்கள் நாலு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். போன ஐப்பசியில் பிறந்த கெடேரிக் கன்றுக்கு மூன்றாம் நாளே வெள்ளைக் கழிச்சல் பிடித்துவிட்டது. விடிவதற்குள் கண் குழிவிழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது, வாலெல்லாம் சாணி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. டாக்டர் வந்து டிரிப் ஏற்றி, ஆன்டிபயாடிக் போட்டுக் காப்பாற்றினார். அந்த மருந்து குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அடித்துவிடும், அதனால் கொஞ்ச நாளைக்குப் புரோபயாடிக் கொடுங்கள் என்றார். அப்படித்தான் இந்தப் பவுடரை வாங்கினேன்.

முதல் பாக்கெட் வீண். கடையில் மேற்கு வெயில் அடிக்கிற ஷட்டர் ஓரம் அடுக்கி வைத்திருந்தார்கள், பிரித்தால் கட்டி கட்டியாக இருந்தது. உள்ளே இருப்பது உயிருள்ள லாக்டோபேசிலஸ் என்கிற நல்ல பாக்டீரியாவும் ஈஸ்ட்டும், வெயிலில் வெந்தால் என்ன மிஞ்சும்? அடுத்த பாக்கெட்டைத் திருமங்கலத்தில் நிழலில் வைத்து விற்கிற கடையில் வாங்கினேன். பொலபொலவென்று, லேசாகத் தயிர் வாசனையோடு இருந்தது. கறந்த சூட்டிலேயே பாலில் கலக்கிக் கொடுத்தேன், கன்று முகம் சுளிக்காமல் குடித்தது. கொதிக்கிற பாலில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அவ்வளவும் செத்துப்போகும். ஐந்தாறு நாளில் சாணி கெட்டிப்பட்டு மஞ்சளாக வந்தது. பவுடராலா, தானாகத் தேறியதா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனால் திரும்பக் கழியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான். சீம்பால் கிடைக்காத கன்றுக்கு இதுவே போதும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது தப்பு. கன்று நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது. சீம்பாலில் வருகிற எதிர்ப்புச் சக்தியைக் குடல் முதல் ஒரு நாள்தான் உள்ளே விடும், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். அந்த வேலையை எந்தப் பவுடரும் செய்யாது. ஐப்பசிக் கன்றுக்கு நாங்கள் செய்த தப்பே அதுதான்: நஞ்சுக்கொடி விழட்டும் என்று அப்பத்தா சொல்ல, ஆறு மணி நேரம் சீம்பால் ஊட்டாமல் காத்திருந்தோம். தை மாசம் பிறந்த கன்றுக்கு அரை மணி நேரத்திலேயே மடியைக் கழுவி ஊட்டவிட்டோம். 28 கிலோ இருந்தது, எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்குப்படி முதல் நாளே பிரித்துப் பிரித்து மூன்று லிட்டர் வரைக்கும் உள்ளே போய்விட்டது. பவுடரும் கொடுத்தோம், கழிச்சல் எட்டிப் பார்க்கவே இல்லை. அப்பத்தாவே இப்போது அடுத்த வீட்டுக்காரர்களிடம் கொடிக்காகக் காத்திருக்காதே என்று சொல்கிறது.

இன்னொரு குறை, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்ற எண்ணிக்கையே பாக்கெட்டில் இல்லை. தயாரிப்பாளர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். மருந்து முடிந்து தேறுகிற கன்றுக்கு வாங்கலாம். கழிந்துகொண்டிருக்கிற கன்றுக்கு இதை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அதற்கு முதலில் வேண்டியது உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர், கையோடு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு ஒரு போன்.